சோழவந்தான் வீட்டில் ஒரு பேய்ப்படம்: இரவுக் காட்சிக்கும் சத்தத்துக்கும் யோசனை வேண்டும்

கொடிக்கால் பையன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்துக்கு ஆளுக்கொரு குறும்படம் எடுத்துக் கொடுக்க வேண்டும், ஏழு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. நான் பேய்ப்படம் எடுக்கிறேன்.

கதை சின்னது. சோழவந்தானுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீடு. அம்மாச்சி இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சொந்தபந்தமெல்லாம் கிளம்பிவிட்டது. பேரன் மட்டும் அன்று ராத்திரி அங்கே தங்குகிறான். நடுச்சாமத்தில் அடுப்படிக்குள்ளிருந்து அம்மாச்சி வெற்றிலை இடிக்கிற சத்தம் கேட்கிறது.

வீடு நிஜமாகவே என் அம்மாச்சி வீடு. அவர் போன வருடம் தவறிவிட்டார். அவர் வெற்றிலை இடித்த இரும்பு உரலும் குட்டி உலக்கையும் இன்னும் பரணில் இருக்கின்றன. அதனால் எனக்கு இது மதிப்பெண்ணுக்காக மட்டும் எடுக்கிற படம் இல்லை.

பகல் காட்சிகள் முடிந்துவிட்டன. இரவுக் காட்சிகள் பாக்கி. கேமரா, நண்பனின் ஆண்ட்ராய்டு போன். ட்ரைபாட் இருக்கிறது. எடிட்டிங் டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பில், 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில். சோதனைக்காக இரவில் எடுத்துப் பார்த்ததில் இருட்டு முழுக்கப் பொரிப்பொரியாகத் தெரிகிறது. டியூப்லைட் எரிகிற ஷாட்டில் பட்டை பட்டையாக ஏதோ ஓடுகிறது. இதற்கு என்ன செய்வது?

இரண்டாவது, வெற்றிலை இடிக்கும் சத்தம். இணையத்தில் தேடினால் பெரிய உலக்கைச் சத்தம்தான் கிடைக்கிறது. எதை வைத்தாலும் ஒட்டவில்லை.

மூன்றாவதுதான் பெரிய குழப்பம். கடைசியில் அம்மாச்சியைக் காட்டலாமா? அம்மாவுக்கு வெள்ளைச் சேலை கட்டி, முடியை விரித்துவிட்டு, அடுப்படி வாசலில் நிற்கவைத்து, பெரிய சத்தத்தோடு சட்டென்று காட்டினால் தியேட்டரே அலறும் என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் காட்டாமல் விட்டால் பேய்ப்படம் என்று யார் ஒத்துக்கொள்வார்கள்?

இன்னொன்று: தொடக்கக் காட்சியைக் கீழக்குயில்குடி சமணர் மலையில், குகைப்பக்கம் வைக்கலாம் என்று ஒருவன் சொல்கிறான். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

திருநகர் ஒளிப்பதிவாளர்:

தம்பி, பட்டை ஓடுவதற்கு ஷட்டர்தான், அதாவது ஒவ்வொரு பிரேமுக்கும் கேமரா வெளிச்சம் வாங்குகிற நேரம்தான் காரணம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் விளக்கு விநாடிக்கு 100 தடவை துடிக்கும். போனை ஆட்டோவில் விட்டால் அது தன் இஷ்டத்துக்கு ஷட்டரை மாற்றிக்கொண்டே இருக்கும், அந்தத் துடிப்போடு ஒத்துப்போகாது. ஷட்டரை 1/50 விநாடி என்று பூட்டிவிடுங்கள், பட்டை போய்விடும். ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (எந்த வெளிச்சம் வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்கிற அமைப்பு) எல்லாவற்றையும் சேர்த்தே பூட்டுங்கள். பிளாக்மேஜிக் கேமரா செயலி ஆண்ட்ராய்டுக்கு இலவசமாகவே வருகிறது. அந்தப் போனில் அது ஓடவில்லை என்றால் ஓப்பன் கேமரா போட்டுப் பாருங்கள். பகல் காட்சிகளை விநாடிக்கு 30 பிரேமில் எடுத்திருந்தால் இரவையும் 30லேயே எடுங்கள், அதற்கும் 1/50 ஒத்துவரும். பாதிப் படம் 25, பாதிப் படம் 30 என்று மட்டும் கலக்க வேண்டாம்.

பொரி வருவது வெளிச்சம் போதாமல் போன் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவை, ஏற்றுவதால். இருட்டுக் காட்சி என்பதற்காக இருட்டிலேயே எடுக்கக் கூடாது. ஐஎஸ்ஓவை 400 பக்கமே நிறுத்தி, கண்ணுக்குக் கொஞ்சம் அதிகம் என்று படும் வெளிச்சத்தில் எடுத்து, பிறகு ரிசால்வில் வெளிச்சத்தை இறக்குங்கள். இறக்கினால் கறுப்பு சுத்தமாக நிற்கும், ஏற்றினால்தான் பொரி கிளம்பும். பின்னால் துடைத்துக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். இரைச்சல் நீக்கும் வசதி காசு கொடுத்து வாங்குகிற ஸ்டூடியோ பதிப்பில்தான் இருக்கிறது.

வெளிச்சத்துக்குப் பெரிய செலவு வேண்டாம். முற்றம் உள்ள வீடு என்றால் ஓட்டின் விளிம்பிலிருந்து ஒரு வெள்ளை எல்.ஈ.டி. டியூபைக் கீழ்நோக்கிக் கட்டுங்கள், அது நிலா. உள்ளே ஒரு 9 வாட் மஞ்சள் பல்பைத் தூணுக்குப் பின்னால் மறைத்து, பழைய வேட்டி ஒன்றை நடுவில் தொங்கவிடுங்கள். ஒயிட் பேலன்ஸை 4000 கெல்வினில் வைத்தால் மஞ்சள் நல்ல மஞ்சளாகவே தெரியும், வெள்ளை டியூப் தானாகவே நீலத்துக்குப் போய்விடும். காமாட்சி விளக்கை மட்டும் நம்பி முகத்தை எடுக்க முடியாது, சுடர் தெரியும், முகம் தெரியாது. பிரேமுக்குக் கீழே அதே திசையில் ஒரு மஞ்சள் பல்பை வைத்துவிட்டால் விளக்கு வெளிச்சம் முகத்தில் விழுவதுபோலவே இருக்கும். அடுப்படி வாசலுக்கு மட்டும் ஒரு விளக்கும் கொடுக்காதீர்கள். அந்த ஒரு இடம் முழுக் கறுப்பாக இருக்கட்டும்.

வீட்டை வெளியிலிருந்து காட்டும் ஷாட்டை நள்ளிரவில் எடுக்க வேண்டாம். பொழுது சாய்ந்ததும் வானம் நீலமாக நிற்கிற நேரத்தில், வீட்டுக்குள் ஒரு பல்பைப் போட்டு எடுங்கள். நம் பக்கம் அந்த நேரம் சுமார் 20 நிமிடம்தான். முன்கூட்டியே ட்ரைபாடைப் போட்டுத் தயாராக நில்லுங்கள்.

சமணர் மலை வேண்டாம். அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற இடம். நடிகரையும் ட்ரைபாடையும் கொண்டுபோய்ப் படமெடுக்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கிடைத்தாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். துறவிகள் இருந்து தவம் செய்த மலை அது, தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கின்றன. அங்கே போய்ப் பேயைக் கொண்டுவந்து வைப்பது அந்த இடத்துக்குச் செய்யும் மரியாதை இல்லை. உங்கள் கதைக்கு அந்த ஒரு வீடே போதும்.

மைக்செட் வீட்டுக்காரன்:

கல்யாண வீடியோவுக்கும் குறும்படங்களுக்கும் ஒலி வேலை பார்க்கிறேன், மதுரைதான். தம்பி, உங்கள் கதையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இதில் பேய் என்பதே ஒரு சத்தம். படத்துக்குச் செலவழிக்கிற நேரத்தில் பாதியையாவது அந்தச் சத்தத்துக்குக் கொடுங்கள்.

உரல் பரணில் இருக்கும்போது இணையத்தில் எதற்குத் தேடுகிறீர்கள்? இறக்குங்கள். ஆனால் நீங்கள் இடிக்காதீர்கள். இளவட்டக் கை சீரான வேகத்தில் இடிக்கும், கேட்டதுமே பொய் என்று தெரிந்துவிடும். வயதானவர்கள் நாலு இடி இடிப்பார்கள், நிறுத்துவார்கள், உள்ளே எட்டிப் பார்ப்பார்கள், யாரையாவது கூப்பிட்டு ஏதாவது சொல்வார்கள், மறுபடி இடிப்பார்கள். அந்த இடைவெளிதான் உங்களுக்கு வேண்டும். சோழவந்தான் பக்கம், 2023ல் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர், உங்கள் தெருவிலேயே இன்னும் இடித்துப் போடும் பாட்டி ஒருவர் இருக்கத்தான் செய்வார். அவரைக் கேளுங்கள்.

அவர் இடிக்கும்போது கவனித்துக் கேளுங்கள். முதலில் வெறும் பாக்கு: ‘டக், டக்’ என்று இரும்பில் பட்டுத் தெறிக்கும். பாக்கு நொறுங்கியதும் சத்தம் மட்டுப்படும். காம்பு கிள்ளிய வெற்றிலையும் சுண்ணாம்பும் சேர்ந்ததும் ‘சத், சத்’ என்று ஈரமாகிவிடும். கடைசியில் உலக்கை நுனியால் உரலின் ஓரத்தை வழிக்கிற ‘கர்ர்க்’. அதற்கப்புறம் சத்தம் இல்லை, வெற்றிலை வாய்க்குப் போய்விட்டது. வெற்றிலை போடுகிறவர் இருந்த வீட்டில் வளர்ந்த யாரும் கண்ணை மூடிக்கொண்டே எந்தக் கட்டம் என்று சொல்லிவிடுவார்கள். உங்கள் படம் நகர வேண்டியது இந்த வரிசையில்தான். பேரன் முதலில் கேட்பது பாக்கு உடைகிற சத்தம். எலி என்று நினைத்துத் திரும்பிப் படுக்கிறான். அடுத்து அது மட்டுப்படும்போது எழுந்து உட்காருகிறான். ஈரச் சத்தம் வந்ததும் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. ஓரம் வழிக்கிற சத்தம் கேட்கும்போது அவன் அடுப்படி வாசலில் நிற்க வேண்டும்.

ஆனால் இது வேலை செய்ய வேண்டுமானால் பார்க்கிறவர்களுக்கும் அந்த வரிசை தெரிந்திருக்க வேண்டும். முதல் நிமிடத்தில், பகல் வெளிச்சத்தில், அம்மாச்சி இடிப்பதை முழுசாகக் காட்டுங்கள். கைகள் மட்டும் போதும், முகம் வேண்டாம். பேரன் சின்னப் பையனாக மடியில் படுத்திருக்கட்டும். வழித்தெடுத்த வெற்றிலையில் துளி அவன் வாயிலும் வைக்கட்டும், அவன் முகம் சுளிக்கட்டும். அந்த நிமிடத்தில் பயம் ஒரு துளிகூட வேண்டாம், இசையும் வேண்டாம். பார்க்கிறவர்களுக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போக வேண்டும். யாரோ ஒரு முனி, மோகினி என்றால் ஓடிவிடலாம். இவனை வளர்த்த அம்மாச்சி அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்றால் இவன் ஓட மாட்டான், கிட்டப் போவான். ‘போகாதேடா’ என்று பார்க்கிறவர்கள் பதற வேண்டும். நம் வீடுகளில் செத்தவர்கள் மேல் இருக்கும் பயம் இப்படிப்பட்டதுதான், பாசமும் பயமும் சேர்ந்தே இருக்கும்.

அதனால்தான் அம்மாச்சியைக் காட்ட வேண்டாம் என்கிறேன். உங்கள் மனசு ஒப்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது சரியாகத்தான் சொல்கிறது. அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பண்ணசாமியை நாம் எப்படிக் கும்பிடுகிறோம்? மூடிய கதவைத்தான் கும்பிடுகிறோம். சந்தனம் சாத்துவது கதவுக்கு, மாலை போடுவது கதவுக்கு. பெரிய பெரிய வழக்குகளில் சத்தியம் கேட்கிறவர்கள் அந்தக் கதவுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு வருவார்கள், பொய் சொல்ல வந்தவனுக்கு அங்கே நாக்கு எழாது. காட்டாமல் வைத்திருப்பதன் பலம் நம் ஜனங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். உங்கள் அடுப்படி வாசல் கறுப்பாகவே இருக்கட்டும்.

பதிவு செய்யும் முறையைச் சொல்லிவிடுகிறேன். போனில் வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்யும் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ், ஃபேன், தண்ணி மோட்டார் எல்லாம் நிற்கட்டும். உரலுக்கு ஒரு முழம் தள்ளிப் போனை வைத்து, ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக எடுங்கள். சிமெண்டுத் தரையில் ஒன்று, சாக்கு விரித்து ஒன்று. பகல் காட்சிக்கு இந்தக் கிட்டச் சத்தம் போதும். இராத்திரிக் காட்சிக்கு இதையே எடுத்து எதிரொலி சேர்த்து ஒப்பேற்றாதீர்கள். பாட்டி அடுப்படிக்குள் உட்கார்ந்து இடிக்கட்டும், கதவைச் சாத்துங்கள், போனைப் பேரன் படுத்திருக்கும் இடத்தில் தலைமாட்டில் வையுங்கள். கதவும் சுவரும் அந்தச் சத்தத்தை என்ன செய்கின்றனவோ அதை எந்த மென்பொருளும் அப்படியே செய்யாது. இராத்திரியில் அவரைச் சிரமப்படுத்த முடியாது என்றால், பகலில் எடுத்ததை அடுப்படிக்குள் ஒரு ஸ்பீக்கரில் ஓடவிட்டு வெளியிலிருந்து பதிவு செய்யுங்கள். வால்டர் மர்ச் என்கிற ஒலி மேதை 1970களில் ஹாலிவுட்டிலேயே இந்த முறையைப் பெரிதாகச் செய்து காட்டினார்.

அப்புறம் ஒரே ஒரு சில்வண்டுச் சத்தம். வீட்டைச் சுற்றி ராத்திரியில் என்ன கேட்கிறதோ அதை, யாரும் அசையாமல், தொடர்ந்து ஐந்து நிமிடம் பதிவு செய்யுங்கள். இரவுக் காட்சி முழுக்க அடியில் அது ஓடட்டும். கொஞ்ச நேரத்தில் பார்க்கிறவர்கள் அதை மறந்துவிடுவார்கள். ‘கர்ர்க்’ என்று ஓரம் வழித்து முடிந்த அடுத்த விநாடி, சில்வண்டை அறவே நிறுத்துங்கள். உங்கள் நண்பர்கள் கேட்கிற பெரிய சத்தத்துக்குப் பதில் இதை வைத்துப் பாருங்கள்.

சத்தத்தால் அதிரவைப்பதும் கலைதான், நான் குறைவாகச் சொல்லவில்லை. 1942ல் வந்த ‘கேட் பீப்பிள்’ படத்தில் ஒரு பெண் ராத்திரித் தெருவில் பயந்து நடந்து வருவாள், எதுவோ பின்தொடர்கிறது, உச்சத்தில் ‘புஸ்ஸ்’ என்று சீறிக்கொண்டு ஒரு பஸ் வந்து நிற்கும். அதன் தயாரிப்பாளர் பெயரால் இந்த உத்திக்கு லூட்டன் பஸ் என்றே பெயர். உங்களுக்கு அப்படி ஒன்று ஊரிலேயே இருக்கிறது. மதுரை–திண்டுக்கல் ரயில் பாதை சோழவந்தான் வழியாகத்தானே போகிறது? ஈரச் சத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது ரயில் வரட்டும். ஹாரன், தடதடப்பு, எல்லாவற்றையும் அது மூடிவிடும். பேரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ரயில் போகட்டும் என்று காத்திருக்கிறான், இன்னும் இடிக்கிறாரா இல்லையா என்று கேட்க. ரயில் முழுசாக ஓய்ந்து, சில்வண்டு திரும்ப வந்து, ஒன்றுமில்லை என்று அவன் தோள் இறங்கும்போது, ஓரம் வழிக்கிற சத்தம்.

உசிலம்பட்டி அக்கா:

சினிமா நுணுக்கம் எனக்குத் தெரியாது, வீட்டு விஷயம் சொல்கிறேன் தம்பி. முதலில் அந்த வெள்ளைச் சேலையை விடுங்கள். உங்கள் அம்மாச்சி வெள்ளைச் சேலையா கட்டினார்? அவர் கட்டிய சுங்குடிச் சேலை ஒன்று இன்னும் வீட்டில் இருக்கும். கொடியில் மடித்துப் போட்டபடி பின்னால் தெரியட்டும், அது போதும்.

காரியம் முடிந்த வீடு எப்படி இருக்கும் என்று யோசித்து வையுங்கள். வாசலில் பந்தக்கால் பிடுங்கிய குழி. திண்ணையில் அடுக்கிய வாடகை நாற்காலி, திருப்பிக் கொடுக்காத அண்டா. மாலை காய்ந்த போட்டோ. உயிர் பிரிந்த இடத்தில் விளக்கும் செம்புத் தண்ணீரும். காரியம் முடிந்தும் அந்தச் செம்பை எடுக்க யாருக்கோ மறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கப் போகும்போது செம்பு நிறையத் தண்ணீர், ரயில் போனபிறகு பாதி. யாரும் அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

வெளிக்காட்சிக்குக் கொடிக்காலுக்குள் (வெற்றிலைத் தோட்டத்துக்குள்) போவதாக இருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகச் சொல்லுங்கள் உங்கள் கூட்டாளிகளை. சொந்தக்காரரிடம் கேட்காமல் ராத்திரியில் நுழைய வேண்டாம்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். அம்மாவை நடிக்கவைப்பது பற்றி எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அம்மாச்சி, அவருக்குப் பெற்ற தாய். போய் ஒரு வருடம்தான் ஆகிறது. செத்துப்போன தன் தாயாகவே அவரைப் பேய் வேஷத்தில் நிறுத்துவதா? கதையை முழுசாக அவரிடம் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

கொடிக்கால் பையன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்னபடி அம்மாவிடம் முழுக் கதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், ‘தெருவில் யாரையும் கூப்பிடாதே, நானே இடிக்கிறேன், அவங்க எப்படி இடிப்பாங்கன்னு எனக்குத் தெரியும்’ என்றார். நிறுத்தி நிறுத்தி, அப்படியே இடித்தார். பகல் காட்சியில் வருவதும் அவர் கைகள்தான். கதவைச் சாத்தி ராத்திரிச் சத்தமும் எடுத்தாயிற்று. 1/50 வைத்ததும் பட்டை போய்விட்டது.

இப்போது எடிட்டிங்கில் நிற்கிறேன். லேப்டாப்பில் படம் விட்டு விட்டு ஓடுகிறது, எங்கே வெட்டுகிறேன் என்றே தெரியவில்லை. தனியாகப் பதிவு செய்த சத்தத்தைப் படத்தோடு சேர்த்தால் தொடக்கத்தில் பொருந்துகிறது, போகப்போக விலகுகிறது. முதல் வெட்டு எட்டரை நிமிடம் வருகிறது. எங்கே குறைப்பது?

மைக்செட் வீட்டுக்காரன்:

அம்மாவே இடித்தார் என்று படித்ததும் எனக்கு வேறு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. அவர் பெயரைப் படத்தின் முடிவில் தனி அட்டையில் போடுங்கள்.

சத்தம் விலகுவது போனால் வருவது. போன்கள் பிரேம் வேகத்தை ஒரே அளவில் வைத்திருக்காது, கூட்டிக் குறைக்கும். ஹேண்ட்பிரேக் என்கிற இலவச மென்பொருளில் எல்லா ஷாட்டுகளையும் மாறாத பிரேம் வேகத்துக்கு மாற்றி, அதை ரிசால்வில் போடுங்கள். டைம்லைனின் பிரேம் வேகத்தை ஒரு ஷாட்டைக்கூட உள்ளே கொண்டுவருவதற்கு முன்பே அமைத்துவிடுங்கள், பின்னால் மாற்ற விடாது. விட்டு விட்டு ஓடுவதற்கு ப்ராக்ஸி போடுங்கள். சின்ன அளவுக் கோப்புகளில் எடிட் செய்துவிட்டு ஏற்றுமதியின்போது அசலுக்கு மாறிக்கொள்ளலாம். இலவசப் பதிப்பிலேயே உண்டு.

ஒன்றரை நிமிடம் எங்கே குறைப்பது என்றால், பேரன் வீட்டுக்கு வந்து சேர்கிற பகுதியில்தான் இருக்கும், பார்க்காமலே சொல்வேன். பஸ்ஸிலிருந்து இறங்குவது, தெருவில் நடப்பது, பூட்டைத் திறப்பது எல்லாம் இருக்கிறதா? பூட்டுத் திறக்கும் சத்தத்தைக் கறுப்புத் திரையில் முதலில் கேட்கவிட்டு, நேரே உள்ளே வந்துவிடுங்கள். வெற்றிலை இடிக்கிற முதல் நிமிடத்தில் கை வைக்காதீர்கள். ரயிலுக்கும் ஓரம் வழிக்கும் சத்தத்துக்கும் நடுவில் இருக்கிற காத்திருப்பிலும் கை வைக்காதீர்கள். நீளமாக இருக்கிறதே என்று அங்கேதான் கை அரிக்கும்.

இரவில் எந்தச் சத்தம் வந்தாலும் முதலில் பேரன் முகத்தில் இருங்கள். அவன் கேட்பதை நாம் பார்க்க வேண்டும். சத்தம் தொடங்கிய பிறகு நன்றாகத் தாமதித்து வாசலுக்கு வெட்டுங்கள்.

அளவு விஷயம்: உறுமல் மாதிரி ஆழமான சத்தங்களை நம்பாதீர்கள், போன் ஸ்பீக்கரில் அவை கேட்கவே கேட்காது. இடிக்கிற சத்தம் அதில் தெளிவாகக் கேட்க வேண்டும். யூடியூப் ‑14 எல்.யூ.எஃப்.எஸ்ஸுக்கு (சத்தத்தின் சராசரி அளவைச் சொல்லும் அலகு) மேல் போகிற ஒலியைத் தானே இறக்கிவிடும், அதனால் சத்தத்தை ஏற்றி ஜெயிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ரயில்தான் படத்திலேயே பெரிய சத்தமாக இருக்கட்டும், அதை வைத்து மற்றதையெல்லாம் அளவிடுங்கள். திரையிடுவதற்கு முந்தின நாள் கல்லூரி அரங்கில் ஒரு தடவை ஓட்டிக் கேட்க அனுமதி வாங்குங்கள். அங்கே ஃபேன்கள் ஓடும்போது சில்வண்டு கேட்கிறதா என்று பாருங்கள். கேட்கவில்லை என்றால் அது நின்றதும் யாருக்கும் தெரியாது, கொஞ்சம் ஏற்ற வேண்டியிருக்கும்.

கடைசி இரண்டு நிமிடத்தின் ஒலியை மட்டும் தனியாக ஏற்றுமதி செய்து இங்கே போடுங்கள் தம்பி. படம் வேண்டாம். ராத்திரி ஹெட்போன் போட்டுக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.